பண்ருட்டிப் பலா: தாய்மரம் குறிப்பதிலிருந்து ஒட்டுக்கன்று நடுவது வரை

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் நிற்கும் முதிர்ந்த பலா மரங்களில் பெரும்பாலானவை கொட்டை போட்டு வந்தவை. அயல் மகரந்தச் சேர்க்கை என்பதால் ஒரே பழத்துக் கொட்டைகளில் முளைத்த கன்றுகள்கூட ஒன்றுபோல இருக்காது. கொட்டையைக் காயவைத்துக் குளிரில் சேமிக்கவும் முடியாது. ஈரம் குறைந்தால் முளைக்காது. மரத்தை மரமாகத்தான் காப்பாற்ற வேண்டும்: நல்ல தாய்மரத்தைக் குறித்து, அதன் குச்சியை ஒட்டிக் கன்றாக்க வேண்டும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத் தோப்புகளைச் சாய்த்தபோது, குறித்து வைக்கப்படாத மரங்கள் அடையாளமே இல்லாமல் போயின.

தாய்மரத்தைப் பொறுக்க, மரத்துக்கு மூன்று பழமாவது எடுக்கிறோம்: பருவத் தொடக்கம், நடு, கடைசி. முழு எடை போட்டபின் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி அறுத்து, சுளை, கொட்டை, சடை, தோல், நடுத்தண்டு என்று பிரித்துத் தனித்தனியே நிறுக்கிறோம். இனிப்பைப் பழத்தின் காம்புப் பக்கம், நடு, அடி என்று மூன்று இடத்துச் சுளையில் பிரிக்ஸ் மானியால் (சாற்றின் சர்க்கரை அளவைக் காட்டும் கருவி) பார்க்கிறோம். மழை பெய்த மறுநாள் அளந்தால் நல்ல மரமும் சப்பென்று காட்டும். அதனால் இரண்டு பருவமாவது பார்க்காமல் முடிவு செய்வதில்லை. இனிப்பை மட்டும் பார்த்து மரம் பொறுக்குவது பெரிய தவறு. பின்பருவத்தில் காய்ப்பது, பால் குறைவாக இருப்பது, சுளை தடித்திருப்பது எல்லாமே இனவிருத்திக்கு வேண்டியவை.

பெயரை நம்ப முடியாது. ‘தேன்பலா’ என்று பத்துத் தோப்பில் சொன்னால் பத்தும் வேறு மரமாக இருக்கலாம். அதற்குத்தான் இலையின் டிஎன்ஏவைப் பார்த்து மரத்தை அடையாளம் காண்கிறோம். கொழுந்துக்கு அடுத்த இளம் இலையை நறுக்கி, இலையைப்போல் பத்து மடங்கு எடை சிலிக்கா ஜெல்லோடு உறையில் போடுகிறோம். இலைக்காம்பில் வடியும் பால் உறையின் மேல் எழுத்தை அழித்துவிடும். பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டை உள்ளேயும் வைக்கிறோம். ஆய்வகத்தில் தொல்லை தருவது இலையின் பாலும் பிசுக்கும் பாலிஃபீனாலும். இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் 2 சதவீத சிடிஏபி கரைசலில் உப்பை 2 மோலாருக்கு ஏற்றி, பாலிஃபீனால் கெடுக்காமல் தடுக்க 2 சதவீதம் பிவிபியும் கொஞ்சம் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்து, 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, குளோரோஃபார்மில் இருமுறை கழுவுகிறோம். வீழ்படிவு பழுப்பாகவோ வழவழப்பாகவோ இருந்தால் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) டிஎன்ஏ பட்டை, அதாவது ஜெல்லில் தெரியும் கோடு, எழாது; இன்னொரு முறை கழுவுவதே மிச்சம். பலா நான்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி நான்கு; மொத்தம் 56 குரோமோசோம். ஒரே குறியீட்டில் (டிஎன்ஏவில் நாம் பார்க்கும் ஓரிடம்) நான்கு பட்டைகள் வரை தெரியலாம். இருமடியப் பயிர்போல இரண்டோடு நிறுத்திக் கணக்கிட்டால் முடிவே தப்பு. பட்டை உண்டு, இல்லை என்று மட்டும் பதிகிறோம்.

ஒட்டுக்கு வேர்ச்செடி, அதாவது குச்சியைத் தாங்கும் கொட்டைக்கன்று, முதலில் தயாராக வேண்டும். சுளையிலிருந்து எடுத்த கொட்டையைக் கழுவி ஓரிரு நாளில் விதைக்கிறோம். தாய்மரத்தில் வெயில்படும் உச்சிக் கிளையில், பென்சில் கனமுள்ள நுனியாகப் பார்த்து, வெட்டுவதற்கு 8 முதல் 10 நாள் முன்பே இலையைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட வேண்டும். மொட்டுப் புடைத்ததும் 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீனில் கட்டி, அன்றைக்கோ மறுநாளோ ஒட்டுகிறோம். குச்சியை 3, 4 செ.மீ. ஆப்பாகச் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகி, மரப்பட்டையோடு மரப்பட்டை பொருந்தக் கட்ட வேண்டும். இங்கேதான் பலா மாமரத்திலிருந்து வேறுபடுகிறது: சீவிய முகத்தில் பால் சுரந்து உறைந்தால் இரண்டும் சேராது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, சீவிய முகத்தில் கசியும் பாலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, உடனே கட்டுகிறோம். மேலே பாலித்தீன் உறை மாட்டி நிழலில் வைக்கிறோம். நிழற்கிளைக் குச்சி, உறைக்குள் தேங்கும் நீர், இந்த இரண்டும்தான் அதிகம் அழுகவைப்பவை.

மரத்துக்கு மூன்று கன்றாவது, இரண்டு வேறு ஊர்களில் நடுகிறோம். இன்னொரு புயல் இரண்டையும் சேர்த்து அடிக்காத தூரத்தில். நடுவதற்கு முன் ஒவ்வொரு கன்றின் இலை டிஎன்ஏவையும் தாய்மரத்தின் டிஎன்ஏ பட்டைகளோடு ஒப்பிடுகிறோம். ஒட்டு காய்ந்து வேர்ச்செடியின் தளிர் எழுந்த கன்று பார்வைக்கு நல்ல கன்றுபோலவே இருக்கும். காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் தோப்பில் நின்ற தாய்மரம் விறகாகியிருக்கலாம்.