கப்பலைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில்

ஓய்வு பெற்றதும் எங்கே போய் உட்காரப் போகிறாய் என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நாகப்பட்டினத்து மச்சான் ஒருபடி மேலே போய் வேளாங்கண்ணிப் பக்கம் மனையே பார்த்து வைத்துவிட்டார். கோவளம், மாமல்லபுரம், பாண்டிச்சேரி என்று ஆளுக்கொரு கடற்கரையைச் சொன்னார்கள். காலையில் கடற்காற்றில் யோகா, மத்தியானம் மீன் குழம்பு, அப்புறம் ஒரு தூக்கம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகளும் பேரனும் இங்கே சிங்கப்பூரில். ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த மத்திய சேமநிதிப் பணம் இங்கே. மனைவியின் முழங்காலைப் பார்க்கிற டாக்டரும் இங்கே. கடற்கரைதான் வேண்டுமென்றால் எங்கள் மரின் பரேட் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஒன்று இருக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை தானாக உண்டானதில்லை. 1966-இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் கடலைத் தூர்த்துப் படிப்படியாக உருவாக்கியது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் புளோக் நிற்கிற இடமும் அப்படி வந்ததுதான். முழுக்க முழுக்க மீட்ட நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய முதல் பேட்டை மரின் பரேட். குன்றாக இருந்த மண்ணின் மேல் பாயை விரித்துத்தான் நாங்கள் சூரிய நமஸ்காரம் செய்கிறோம்.

எங்கள் யோகா வகுப்பு காலை ஏழு மணிக்கு. ஊரிலிருந்து வருகிறவர்கள், ஏழு மணிக்கு வெயில் ஏறிவிடுமே என்பார்கள். இங்கே ஏழு மணிக்குத்தான் சூரியனே எட்டிப் பார்க்கும். வருடம் முழுக்க ஏறக்குறைய அதே நேரம்தான். 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் ஆறரைக்கு விரைவுச்சாலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாக நடந்து வரும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். மைனாக்கள் மட்டும் எழுந்து சண்டையை ஆரம்பித்திருக்கும். எட்டரைக்கு மேல் வெயில் சுள்ளென்று இறங்கும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

டீச்சர் ஒரு சீனப் பெண். நாற்பது வயதிருக்கும். சில காலம் சென்னையில் தங்கி யோகா கற்றவர். கிருஷ்ணமாச்சாரியார் வழி. ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் என்று உலகம் அறிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர் அவர். நூறு வயதைத் தொட்டு 1989-இல் காலமானார். ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, நோயைப் பார்த்து ஆசனத்தை மாற்றிக் கொடுப்பது அவருடைய முறை. எங்கள் டீச்சரும் அப்படித்தான். வீரபத்ராசனம் என்று அவர் சொல்லும்போது அதில் சீன மொழியின் நாலு சுரம் கேட்கும். ஆனால் என் தோள்பட்டை எந்த இடத்தில் இறுகுகிறது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "அங்கிள், மூச்சு, மூச்சை மறந்துட்டீங்க லா" என்று இங்கிலீஷில் கத்துவார். பூங்காவில் காசு வாங்கி வகுப்பு நடத்துவதற்கு அனுமதி வேண்டும். அதை வாங்கிக் கைப்பேசியில் வைத்திருக்கிறார், யாராவது கேட்டால் காட்ட.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை யோகா என்று வருகிற படங்களிலெல்லாம் ஆள் மணலில் நிற்பார், பின்னால் அலை அடிக்கும். மணல் ஆசனத்துக்கு உகந்த இடமே இல்லை. உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டுப் பக்கம் புதையும், விரல்கள் மேலே நிற்கும். அப்படியே உடம்புப் பாரத்தைக் கொடுத்தால் மணிக்கட்டு இரண்டு நாள் பேசும். நிற்கிற ஆசனத்திலும் ஒரு கால் புதையும், ஒரு கால் வழுக்கும். இடுப்பு அதைச் சரிக்கட்டப் பார்த்து எங்கேயாவது பிடித்துக்கொள்ளும். இருபது வயதுக்காரர் தாங்குவார். நாங்கள் மணலை விட்டுத் தள்ளி, சவுக்கு மரங்களுக்கு இந்தப் பக்கம் புல்தரையில் விரிக்கிறோம். அங்கேயும் எறும்பு உண்டு. சவாசனத்தில் யார் ஞானி, யார் இல்லை என்பதை அந்தச் செவ்வெறும்புகள் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

விருட்சாசனம் எனக்குத் தனி அனுபவம். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கண்ணை ஏதாவது ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்வார்கள். எதிரே சிங்கப்பூர் நீரிணை முழுக்கக் கப்பல்கள். எல்லோரும் ஆளுக்கொரு கப்பலைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் வேலை பார்த்தவன். முதலில் கிளிஃபர்ட் பியர், 2006-இல் அது மூடிய பிறகு மரினா சவுத் பியர் என்று அங்கிருந்துதான் படகில் போவோம். அரிசி மூட்டை, முட்டைகோஸ், என்ஜின் ஆயில், கயிறு, மாலுமிகள் கேட்ட கராவோக்கே பெட்டி வரைக்கும் கொண்டுபோய், ஆடுகிற படகிலிருந்து கப்பலின் ஏணியைத் தாவிப் பிடித்து ஏறுவோம். அதனால் எனக்குத் தெரியும், நங்கூரம் போட்ட கப்பல் நிற்பதே இல்லை. சங்கிலியின் நுனியில் கிடந்துகொண்டு நீரோட்டம் இழுக்கும் பக்கம் மெல்லத் திரும்பும். கடலின் ஏற்றம் வற்றமாக மாறுகிற நேரத்தில் பார்த்தால், கிழக்கே மூக்கை வைத்திருந்த கப்பல்களெல்லாம் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பிக்கொண்டிருக்கும். சரக்கில்லாத கப்பல் உயரமாக மிதந்து அடிப்பக்கத்துச் சிவப்பு வண்ணத்தைக் காட்டும். சரக்கு நிறைந்தது தாழ்ந்து கறுப்பாகக் கிடக்கும்.

இதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தால் ஒற்றைக் கால் என்ன ஆகும்? தள்ளாடும். "அங்கிள், கப்பலை எண்ணாதீங்க, அந்தக் கல்லைப் பாருங்க" என்று டீச்சர் அலைத்தடுப்புக் கல்லைக் காட்டுவார். கல்லைப் பார்த்தால் நன்றாகவே நிற்க முடிகிறது. ஆனாலும் இவ்வளவு வருடம் சோறு போட்ட கப்பலை விட்டுவிட்டுக் கல்லைப் பார்ப்பதற்கு மனசு வரவில்லை.

வகுப்பில் எங்களைப் போல இங்கேயே ஊறியவர்கள் கொஞ்சம், காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஆஸ்திரேலியப் பெண்கள் இரண்டு மூன்று பேர். அப்புறம், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீண்டகால வருகை அனுமதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள். இவர்கள் முதலில் ஓரமாக நின்று பார்ப்பார்கள். புடவை, அதற்குக் கீழே மகன் வாங்கிக் கொடுத்த விளையாட்டுக் காலணி. அப்படி வந்த தஞ்சாவூர் அம்மா ஒருவரை டீச்சர் ஒருநாள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிட்டார். அன்றைக்கு மாலாசனம். குதிகால் தரையில் பதிய, முழங்காலை விரித்துக் குந்துகிற ஆசனம். ஆஸ்திரேலியப் பெண்கள் குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். நான் வைத்த துண்டு அதைவிடப் பெரியது. அந்த அம்மா கொசுவத்தை ஒரு இழுப்பு இழுத்துச் செருகிவிட்டு, அரிவாள்மனைக்கு முன்னால் குந்துவது போலக் குந்தினார். அசையவில்லை. டீச்சர் குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். எத்தனை வருடப் பயிற்சி என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். "பயிற்சியா? கீரை ஆய்ஞ்சிருக்கேன் தம்பி, வாசல்ல கோலம் போட்டிருக்கேன். இதுக்கா நீங்கள்லாம் காசு கொடுத்து வர்றீங்க?" என்றார்.

டீச்சருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், காசைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு.

என் வயதுக்காரர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான். தரை நம்மை விட்டுப் போய்விட்டது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து சோபா, சோபாவிலிருந்து எம்ஆர்டி ரயில் இருக்கை. கழிப்பறையும் உட்காருகிற வகை. பூஜைக்குக்கூட ஸ்டூல் வந்துவிட்டது. வருடக்கணக்கில் தரையைத் தொடாமலே வாழ்ந்துவிட்டு, ஒருநாள் வழுக்கி விழுந்தால் எழுந்திருக்க வழி தெரிவதில்லை. விழுந்ததில் எலும்பு முறியாமல் தப்பினாலும், எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பதே பெரிய ஆபத்து. தனியாக இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அறுபது தாண்டியவருக்குத் தலைகீழாக நிற்பதும் காலைக் கழுத்தில் போடுவதும் யோகா இல்லை என்பது என் கட்சி. தரைக்குப் போய்த் திரும்பி வருவதுதான் யோகா. டீச்சர் ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் இதைத் தனியாகச் செய்யச் சொல்வார். மல்லாந்து கிடக்கிற நிலையிலிருந்து ஒருக்களித்துப் படு. முழங்கையை ஊன்றி எழுந்து, நாலு காலில் வா. ஒரு பாதத்தை முன்னால் வை. அந்தத் தொடையில் இரண்டு கையையும் ஊன்று. மூச்சை விட்டுக்கொண்டே எழு. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தால் ஆரம்பத்தில் தைரியமாக இருக்கும். பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்யக் கூடாது. தலை இதயத்துக்குக் கீழே தொங்குகிற ஆசனங்களை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் கூடவே கூடாது, அது கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றும். எலும்பு மெலிந்து வலுவிழந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிவதைக் குறைக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில்தான் யோகா என்று அடம் பிடிக்க வேண்டாம். என் நண்பர் ஒருவர் பையில் எப்போதும் இனிப்பு மிட்டாய் வைத்திருப்பார். வகுப்பில் மற்றவர்களும் அதில் பங்கு கேட்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

கடல் பக்கத்தில் இருப்பதால் வானிலையோடும் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியும் முன்னே சுமத்ரா பக்கத்திலிருந்து புயல்மழை கிளம்பி வரும். மேற்கே வானம் கறுத்து, காற்று சட்டென்று குளிர்ந்தால் பாயைச் சுருட்டிவிடுவோம். இடி கேட்டால் மரத்தடியில் நிற்கவே கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடு நூறைத் தாண்டினால் வகுப்பு கிடையாது. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது இங்கே வரைக்கும் வந்து கரையெல்லாம் கறுப்பாகிவிட்டது. கடலோரத்தை மூடினார்கள். வாடை மட்டும் சுரங்கப்பாதை வரை வந்தது. எனக்குப் பழகிய வாடைதான். ஆனால் அதைக் கப்பலில் முகர்வது வேறு, மூச்சுப் பயிற்சிக்கு வந்த இடத்தில் முகர்வது வேறு.

இந்தக் கடலும் இப்படியே இருக்கப்போவதில்லை. லாங் ஐலண்ட் என்று ஒரு திட்டத்தை 2023-இல் அறிவித்தார்கள். கடல் மட்டம் உயர்வதிலிருந்து இந்தப் பகுதியைக் காப்பதற்கு, கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு, அதற்கும் இந்தக் கரைக்கும் நடுவில் நன்னீர்த் தேக்கம் வருமாம். கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். டீச்சரிடம் சொன்னேன், அப்போது விருட்சாசனத்துக்குக் கப்பல் இருக்காது என்று. "நல்லது, அப்பவாவது நேரா நிப்பீங்க" என்றார்.

மழை நாட்களில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வகுப்பு மாறிவிடும். காற்றோட்டம் உண்டு, சிமென்ட் தரை கெட்டி, எறும்பு கிடையாது. அங்கே சதுரங்க மேசையில் கோப்பியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவர்களில் மூன்று பேர், ஆசனம் எதுவும் வேண்டாம், அந்த உட்கார்ந்து எழுவதை மட்டும் சொல்லிக் கொடு என்று கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் மலாய்க்காரர், பாக்சிக் (மாமா) என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயது. தினமும் தொழுகையில் தரையைத் தொட்டு எழுகிறவர். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் சுலபமாக எழுந்தார். எழுந்து, எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆறிப்போன கோப்பிக்குப் பதில் இன்னொன்று வாங்கி வரச் சொன்னார். இந்த முறை வாங்கிக் கொடுத்தவன் நான்.