மாதா கைவிடவில்லை

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! தம்பி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். டெங்கு என்று சேர்த்தபோதுகூடப் பயமில்லை, ஆனால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 10,000-க்கும் கீழே இறங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. தானமாகப் பெற்ற பிளேட்லெட்டை எடுத்துவைத்தால் 5 நாள்தான் தாங்குமாம், ரத்த வங்கியிலும் இருப்பு இல்லை, அம்மா ஐசியூ வாசலில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்துவிட்டார், நான் பெங்களூரில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். நள்ளிரவில் முன்பின் தெரியாத ஒரு ஆட்டோக்கார அண்ணன் வந்து பிளேட்லெட் கொடுக்கக் கை நீட்டினார். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள், யார் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். சிவாஜிநகர் மாதாவுக்கு அம்மா புடவை நேர்ந்திருக்கிறார். செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம், அண்ணனையும் கூப்பிட்டாச்சு.