எதுக்கும் இருக்கட்டும்

திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போன தை மாதம் பால் காய்ச்சினோம். வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நேராக மொட்டை மாடிக்குப் போய் சோலார் தகடுகளைப் பார்த்துவிட்டு வந்து, "பரவாயில்லையே, சுற்றுச்சூழலுக்கு நல்ல வீடா கட்டியிருக்கீங்க" என்றார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் நாங்கள் மிச்சம் பிடித்த கார்பனில் பெரும்பகுதி சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் அஸ்திவாரத்துக்குள்ளும் இருக்கிறது, பூசி வெள்ளையடித்த பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. பந்தி நேரத்தில் இதையெல்லாம் விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். பதினைந்து வருடமாக விழுப்புரம் மாவட்டத்தில் சின்னச் சின்ன வீடுகள் கட்டித் தருகிறேன். படித்து முடித்த புதிதில் ஒரு வேலையாக அரியலூர் போயிருந்தபோது சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் ஓரத்தில் நின்று பார்த்தேன். வெட்டிய பாறை முழுக்கச் சிப்பி. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள்தான் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தக் கல்லைச் சூளையில் போட்டு 1450 டிகிரி வரை சூடேற்றித்தான் சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரை எடுக்கிறார்கள். சூடு ஏறும்போது, ஓட்டுக்குள் அத்தனை காலம் அடைபட்டிருந்த கார்பன், கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காற்றில் கலந்துவிடும், கையில் மிஞ்சுவது 56 கிலோதான். எரிக்கிற நிலக்கரியின் புகை இதற்கு மேல். அதனால்தான் சூளைக்கு முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் சிமென்ட் சுத்தமாகிவிடாது. உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து மட்டும் வருகிறது.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1000 சதுர அடி வீட்டுக்குக் களத்தில் நாங்கள் போடும் தோராயக் கணக்கு 400 மூட்டை சிமென்ட், 4 டன் கம்பி. ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட் என்றால் 20 டன்னுக்கு சுமார் 17 டன் கார்பன் டை ஆக்சைடு. கம்பி டன்னுக்கு இரண்டு, இரண்டரை டன் என்று வைத்தாலும் எட்டிலிருந்து பத்து டன் வரை ஆகிறது. ஆக 25 டன்னைத் தொட்டுவிட்டோம், செங்கல் சூளையில் எரித்ததை இன்னும் சேர்க்கவே இல்லை. ஒரு படுக்கையறை ஏசி வருடத்துக்கு 1500 யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் வருடத்துக்கு ஒரு டன் சொச்சம். அதாவது ஒரு ஏசி இருபத்தைந்து வருடம் ஓடி வெளியே விடுவதை, பால் காய்ச்சும் முன்பே நாம் விட்டு முடித்துவிடுகிறோம். ஏசியையாவது நாளைக்கு நிறுத்தலாம், மின்சாரம் வருடா வருடம் கொஞ்சம் சுத்தமாகிக்கொண்டும் வரலாம். போட்ட காங்கிரீட்டைத் திரும்பப் பெற முடியாது.

சரி, எதைக் குறைப்பது? எனக்குக் களம் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். புதுப் பொருள் தேடுவதற்கு முன், தேவையில்லாமல் போடுவதை நிறுத்த வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது ஒரே ஒரு வாக்கியம்: "எதுக்கும் இருக்கட்டும்."

அக்கா வீட்டுக்கு முதலில் வேறொருவர் வரைந்து கொடுத்த வரைபடம் இருந்தது. தரைத்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை. அதற்குப் பதினாறு பில்லர், ஒவ்வொன்றும் மூன்று மாடி தாங்கும் அளவுக்கு. ஏன் என்று கேட்டேன். "பின்னாடி பிள்ளைங்க மேல கட்டிக்குவாங்கடா, கம்பியை நீட்டி விட்டுட்டா போதும்" என்றாள் அக்கா. நம் ஊர்த் தெருக்களில் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தால் தெரியும், பில்லருக்கு மேல் மூன்றடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும், துருப்பிடித்து, சில இடத்தில் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்து. இருபது வருடமாக அப்படியே நிற்கும் வீடுகளை எனக்குத் தெரியும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ தவணையில் வேறு வீடு வாங்கியிருப்பார்கள். கட்டாத அந்த மாடிகளுக்கான சிமென்டும் கம்பியும் அஸ்திவாரத்தில் புதைந்து கிடக்கும். அவற்றைச் செய்ய வெளியேறிய புகை போனது போனதுதான்.

அக்காவிடம் இதைச் சட்டென்று சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற நினைப்பும் அந்தக் கம்பியோடு நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதை வெறும் கணக்கால் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். மாமாதான் கடைசியில், "மேல ஒண்ணு கட்டுற அளவுக்கு இருந்தா போதும் மச்சான், மூணாவது மாடி ஏற எனக்குக் கால் இல்ல" என்றார். அதன்படி பில்லரை எடுத்துவிட்டு, சுவரே பாரம் தாங்கும் முறைக்கு மாற்றினேன். இன்னும் ஒரு மாடி தாங்கும், அதற்கு மேல் இல்லை. கதவு ஜன்னலுக்கு மேலே, லின்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி உடையாமல் ஒரு காங்கிரீட் பட்டை, மூலைகளில் கம்பி. தரைத்தளமோ ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு நல்ல மண் இருந்தால் இதுவே போதும், நம் தாத்தாக்கள் காலத்து வீடுகள் பில்லர் இல்லாமல்தான் நிற்கின்றன. ஆனால் மண்ணைப் பார்க்காமல், கணக்குப் போடத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

தளத்தின் கனமும் அதே கதைதான். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து இன்ச் போதும் என்று கணக்கு சொல்லும், மேஸ்திரி ஆறு போடலாம் என்பார், எதுக்கும் இருக்கட்டும். 1000 சதுர அடியில் ஒரு இன்ச் என்பது சுமார் 83 கன அடி காங்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் அதற்கு மட்டும் ஏறத்தாழ 19 மூட்டை சிமென்ட் போகும். அந்தக் கூடுதல் எடையைத் தாங்க சுவரும் அஸ்திவாரமும் வேறு வலுவாக வேண்டும்.

இடித்த பழைய வீட்டின் சீமை ஓடுகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. அவற்றை ஃபில்லர் ஸ்லாபுக்குப் பயன்படுத்தினோம். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் காங்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்து, அதன் மேல் காங்கிரீட் போட்டோம். ஓட்டுக்கு இடையில் நிற்கும் காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கிறது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நூற்றுக்கணக்கான வீடுகளில் செய்து காட்டிய முறை இது, 2007இல் அவர் இறந்தபோது இதைத் தெரிந்த கொத்தனார்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். நம் பக்கம் ஏன் பரவவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. வரவேற்பறையில் அடிப்பக்கம் பூசாமல் விட்டோம். அண்ணாந்து பார்த்தால் பாட்டி வீட்டு ஓடு தெரியும், அக்காவுக்கு வீட்டிலேயே அதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

சுவருக்கும் பேக்கர் வழிதான், எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் ஓரத்தில் நிறுத்திக் கட்டினால் நடுவில் பொந்து விழும், ஒன்பது இன்ச் சுவர் ஒன்பது இன்ச்சாகவே இருக்கும், கல் மட்டும் ஏறத்தாழ கால்பங்கு குறையும், கலவையும் குறையும். மேஸ்திரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "சார், நாட்டுக்கல்லுல இது நிக்காது, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு" என்றார். அவர் சொன்னது சரி. அளவு ஒன்றுபோல் இருக்கும் சேம்பர் கல்லுக்கு மாறினோம். முதல் இரண்டு நாள் வேலை மெதுவாகத்தான் போனது, மூன்றாம் நாளிலிருந்து அவரே சித்தாளுக்கு எப்படிக் கலவை வைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஆரோவில்லில் செய்வதுபோல் சுடாத மண் கல்லில் கட்ட வேண்டும் என்பது என் ஆசை, அதில் ஐந்து சதவீத அளவுக்குத்தான் சிமென்ட் சேர்ப்பார்கள், சூளையே கிடையாது. கல் அழுத்தும் இயந்திரம் எங்களுக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இருக்கிறது.

அப்புறம் சிமென்ட். கடைக்குப் போனால் "53 கிரேடு ஓபிசிதான் ஸ்ட்ராங்" என்பார்கள். வீட்டு வேலைக்கு பிபிசி தாராளமாகப் போதும். அதில் மேட்டூர், தூத்துக்குடி மாதிரியான அனல்மின் நிலையங்களின் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்திருக்கும், அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைவு. ஆரம்பத்தில் மெதுவாக இறுகும், அதனால் சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகை, முட்டு) பிரிக்க அவசரப்படக் கூடாது, நம் வெயிலுக்கு இரண்டு வாரமாவது தண்ணீர் விட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நாளில் தண்ணீரை நிறுத்திவிட்டு, விரிசல் வந்ததும் பிபிசி சரியில்லை என்கிறார்கள். கலவை இளக வேண்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் இதே ரகம். காங்கிரீட்டின் பலம் போகும், அதை ஈடுகட்ட இன்னும் ஒரு மூட்டை போடுவார்கள். சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 என்ற சிமென்டுக்கு 2023இல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது, சென்னை ஐஐடியிலும் அதில் நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைக்கு அது வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

மேற்குச் சுவரில் சின்ன ஜன்னல், இரண்டடி சன்ஷேட், மாடியில் வெள்ளைத் தட்டோடு. இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு அறையில் ஏசி மாட்டியிருக்கிறார்கள், மாமாவுக்கு மே மாதம் தாங்காது.

வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது 290 மூட்டை பிபிசி, 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல் கம்பி. பிபிசியில் கிளிங்கர் குறைவு என்பதையும் கணக்கில் எடுத்து, முதலில் சொன்ன முறையில் பெருக்கிப் பார்த்தால் 14 டன் பக்கம் வருகிறது, முன்பு போட்ட கணக்கில் ஏறக்குறைய பாதி. பணமும் மிச்சமாயிற்று, அதில்தான் சோலார் போட்டார்கள்.

இப்போது செஞ்சி சாலையில் ஒரு வீட்டுக்கு வரைபடம் வந்திருக்கிறது. கணவன் மனைவி இருவர் மட்டும், 1800 சதுர அடி, நான்கு மாடிக்கான பில்லர். வங்கிக்கடனுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம் என்று கேட்டிருக்கிறேன், வரும் ஞாயிறு காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டவில்லை.