பல்லியும் பள்ளியும்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தப் பையன் போன் பண்ணினான். பையன்னு சொல்றேன், இப்ப அவனுக்கு 25 வயசு, ஒரு அரசு ஆபீஸ்ல இளநிலை உதவியாளர். பிறவியிலயே ரெண்டு கண்ணும் தெரியாது, ஆறாங்கிளாஸ்ல இருந்து பத்தாங்கிளாஸ் வரைக்கும் என் பொறுப்புல இருந்த பிள்ளை. 4 சதவீத இட ஒதுக்கீட்டுல பரீட்சை எழுதி பாஸ் பண்ணி வேலைக்குச் சேந்தப்ப என் வீட்டுக்கு அல்வா வாங்கிட்டு வந்தவன். அன்னைக்கு குரலே சரியில்ல.

என்னப்பா ஆச்சுன்னு கேட்டேன். ஆபீஸ்ல ஒரு லெட்டர் டைப் பண்ணச் சொல்லிருக்காங்க, ஏதோ ஸ்கூல் கட்டடம் சம்பந்தமான கடிதம், இவன் கம்ப்யூட்டர்ல ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரைல இருக்கறத வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் வச்சு அடிச்சுக் குடுத்திருக்கான், அதுல மூணு இடத்துல "அரசு மேல்நிலைப் பல்லி"ன்னு இருந்திருக்கு, யாரோ அத சத்தமா வாசிக்க செக்சன் பூராவும் சிரிச்சிருக்கு. "அவங்க சிரிச்சத விடுங்க டீச்சர். பள்ளிக்கு எந்த ள போடணும்னு நிஜமாவே எனக்குத் தெரியாது. நான் பி.ஏ. படிச்சிருக்கேன்"னான்.

எனக்கு பதில் வரல. ஏன்னா அதுக்கு நான்தான் காரணம்.

நான் 2011ல சிறப்பாசிரியரா வேலைக்குச் சேந்தேன், தொகுப்பூதியம்தான், வட்டார வள மையத்துல. நான் படிச்சது காது கேக்காத பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற ஸ்பெஷல் கோர்ஸ். ஆனா பிளாக்ல போய் நின்னா எல்லா வகைப் பிள்ளைங்களுக்கும் நாமதான், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பார்வை எல்லாமே. 1995 சட்டத்துல 7 வகை குறைபாடுதான் இருந்துச்சு, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அது 21 ஆச்சு, ரொம்ப நல்ல விஷயம், அதுக்கு முன்னாடி கணக்குலயே வராத எத்தனையோ பிள்ளைங்க உள்ள வந்தாங்க. ஆனா டீச்சர் அதே ஆளுதான். காலைல ஒரு ஊர்ல நடக்க முடியாத பிள்ளைக்கு வீட்டுல போய் பாடம், மத்தியானம் இன்னொரு ஊர் ஸ்கூல்ல ரெண்டு பிள்ளைங்க, நடுவுல ரெண்டு பஸ் மாறணும். இதுல பிரெய்ல், அதான் கண்ணு தெரியாதவங்க விரலால தடவி வாசிக்கிற புள்ளி எழுத்து, எனக்குத் தெரியாது. ட்ரெயினிங்ல ஒரு நாளோ ரெண்டு நாளோ சார்ட்டக் காட்டினாங்க, அவ்வளவுதான்.

அதனால அந்தப் பையனுக்கு நான் என்ன செஞ்சேன்னா, பாடத்த எல்லாம் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து சமூக அறிவியல் முழுசும் என் குரல்லயே பேசிக் குடுத்திருக்கேன், அது அப்ப எனக்குப் பெரிய சேவையாத் தெரிஞ்சது. அவனும் கெட்டிக்காரன், ரெண்டு தடவ கேட்டா அப்படியே ஒப்பிச்சிருவான். பத்தாவது பப்ளிக் எக்ஸாம்ல சொல்வதை எழுதுபவர், அதாவது ஸ்க்ரைப் குடுத்தாங்க, கூடுதலா 1 மணி நேரம் குடுத்தாங்க, நல்ல மார்க் வாங்கினான், ஸ்கூல்ல கை தட்டினாங்க, போட்டோ எடுத்தோம். அந்தப் பேப்பர்ல ஒரு எழுத்துப் பிழை கிடையாது. எப்படி இருக்கும், எழுதினது ஒரு ஆசிரியர். வார்த்தை எல்லாம் அவனோடது, எழுத்து ஒண்ணு கூட அவனோடது இல்ல, அத நாங்க யாருமே யோசிக்கல. காலேஜ்லயும் அப்படியே போயிருக்கு.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், நான் ஸ்க்ரைப் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. அது அந்தப் பிள்ளைங்களோட உரிமை, 2021ல சுப்ரீம் கோர்ட் 40 சதவீதத்துக்குக் கீழ பாதிப்பு இருக்கிறவங்களுக்கும் தேவைன்னா ஸ்க்ரைப் குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லிருக்கு, அந்தத் தீர்ப்பு வந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன். மொழிப்பாட விலக்கும் சில பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா வேணும். என் வருத்தம் என்னன்னா பிள்ளை கேக்கறதுக்கு முன்னாடியே நாம குடுத்துடறோம், "பாவம், அதுக்கு எதுக்கு இது"ன்னு. அந்தப் "பாவம்"ங்கிற ஒரு வார்த்தைலயே நாலஞ்சு வருஷப் படிப்பு காணாமப் போயிருது.

அந்த போனுக்கு அப்புறம் நான் பாளையங்கோட்டை போய் ஒரு சாரப் பாத்தேன். அந்த ஊருக்கும் பிரெய்லுக்கும் பழைய உறவு, ஆஸ்க்வித் அம்மையார்ங்கிற மிஷனரி அங்க 1890லயே கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்கூல் ஆரம்பிச்சிட்டாங்க. நான் பாத்த சாருக்கும் பார்வை கிடையாது, ரிட்டயர்டு ஆசிரியர், எழுபது வயசுக்கு மேல. சனிக்கிழமை சனிக்கிழமை வரேன், எனக்கு பிரெய்ல் சொல்லித் தாங்க சார்னு கேட்டேன். மொத நாளே கண்டுபிடிச்சிட்டாரு, நான் புள்ளிய கண்ணால பாத்து வாசிக்கிறேன்னு. எப்படின்னா, விரல் பேப்பர்ல ஓடுற சத்தம் கேக்கலையாம். "கண்ண மூடிட்டு வாசிங்கம்மா. கண்ணால படிச்சா உங்களுக்கு அது சார்ட், பிள்ளைக்கு அதுதான் எழுத்து"ன்னாரு. நான் ஸ்டைலஸ்ங்கிற குத்தூசி வச்சுக் குத்தறப்ப சத்தத்த வச்சே "அங்க ஒரு புள்ளி விட்டுட்டீங்க"ம்பாரு. மூணு மாசம் ஆச்சு எனக்கு விரலால ஒரு வரி வாசிக்க.

படிக்கப் படிக்கத்தான் நான் எத விட்டேன்னு தெரிஞ்சது. மொத்தம் ஆறே புள்ளி, இடப்பக்கம் மேல இருந்து கீழ 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. தமிழ், இந்தி, மலையாளம்னு இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவா பாரதி பிரெய்ல்னு 1951ல முடிவு பண்ணினாங்க. அதுல ல-வுக்கு இடப்பக்கத்து மூணு புள்ளியும், 1, 2, 3. ள-வுக்கு வலப்பக்கத்து மூணும், 4, 5, 6. ழ-வுக்கு 1, 2, 3, 5, 6. காதுக்கு ஒண்ணாக் கேக்கற மூணும் விரலுக்கு மூணு தனி எழுத்து! ந, ண, னவும் அப்படித்தான், ர, றவும் அப்படித்தான். ஸ்க்ரீன் ரீடர வேகமா ஓட விட்டா பல்லியும் பள்ளியும் ஒண்ணாத்தான் கேக்கும், அந்தப் பையனுக்கு பதினஞ்சு வருஷமா அப்படித்தான் கேட்டிருக்கு.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. ஸ்லேட்ல, அதாவது பேப்பரச் சொருகிப் புள்ளி குத்துற சட்டத்துல எழுதறப்ப வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கமா குத்திட்டு வரணும், அப்புறம் பேப்பரத் திருப்பி இடமிருந்து வலமா வாசிக்கணும், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடில பாத்த மாதிரி இடம் வலம் மாத்தி எழுதணும். ல-வும் ள-வும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம்ங்கறதால புதுசாப் படிக்கிறவங்க எல்லாரும் அங்க தடுமாறுவாங்க. அந்த எழுத்த மட்டும் தனியாக் குடுத்தா விரலுக்கு எதுன்னே தெரியாது, பக்கத்து எழுத்துக்கும் இதுக்கும் எவ்வளவு இடைவெளின்னு வச்சுத்தான் சொல்ல முடியும்.

இப்ப ஒரு பாப்பா பத்திச் சொல்லணும். நான் பிரெய்ல் படிச்சிட்டு இருந்த சமயத்துலதான் ஒரு ஊர்ல மூணாங்கிளாஸ் பிள்ளை, எட்டு வயசு, பார்வை சுத்தமா இல்ல. ஸ்கூல்ல பேர் இருக்கு, போறது கம்மி. அம்மா வெளியூர்ல வேலை, வீட்டுல ஆச்சிதான். ஆச்சி பீடி சுத்துறவங்க. நான் போனப்ப திண்ணைல மடில சொளவ வச்சு சுத்திட்டு இருந்தாங்க, பிள்ளை பக்கத்துல உக்காந்து சுத்தின பீடிய எடுத்து 25 எண்ணி எண்ணி வச்சுட்டு இருந்துச்சு. நடுவுல ஒண்ண எடுத்து, "ஆச்சி, இது லூசா இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துச்சு. ஆச்சி வாங்கிப் பாத்துட்டு பிரிச்சு மறுபடி சுத்தினாங்க.

நான் அசந்து போயிட்டேன். கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்கு பிரெய்ல் ஆரம்பிக்கும் முன்னாடி விரலப் பழக்கணும்னு ரவை, கடுகு, உளுந்து எல்லாம் பிரிக்கச் சொல்லுவோம், நூல்ல முடிச்சு போட்டுத் தடவிப் பாக்கச் சொல்லுவோம். இந்தப் பிள்ளைக்கு அது எதுவுமே தேவையில்ல, விரல் எப்பவோ தயாராயிருச்சு. எட்டு வயசுப் பிள்ளை அந்தத் தூள் நெடில உக்காந்திருக்கறது எனக்குப் பிடிக்கல, அத ஆச்சிகிட்ட சொல்லவும் செஞ்சேன், ஆனா அந்த விரல நான் மறக்கல.

ஆச்சி கேட்டாங்க, "இது படிச்சு என்னத்த டீச்சர் செய்யப் போவுது?" நான் பெனோ ஜெஃபைன் பத்திச் சொன்னேன், சென்னைப் பொண்ணு, முழுசா பார்வை கிடையாது, 2015ல இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனாங்க, முழுப் பார்வையில்லாத ஒருத்தர் அந்தப் பணிக்குப் போறது அதுதான் முதல் தடவை. ஆச்சி கேட்டுக்கிட்டாங்க, ஆனா நம்பலன்னு மொகத்துல தெரிஞ்சது. அதுக்கு அப்புறம் நான் பெரிய பெரிய ஆளுங்க கதைய விட்டுட்டேன். "எதுல என்ன இருக்குன்னு அடுத்தவன கேக்காம தன் சாமானுக்குத் தானே ஒரு சீட்டு ஒட்டி வச்சுக்கும் ஆச்சி, உப்பு டப்பா எது சீனி டப்பா எதுன்னு அதுவே எழுதி வச்சுக்கும்"னேன். "அப்பம் சரி"ன்னுட்டாங்க.

முட்டை அட்டைய ஆறு குழி வர மாதிரி வெட்டி, கோலிக்குண்டு போட்டு ஆரம்பிச்சோம். முதல் குழில ஒரு குண்டு, அ. அப்புறம் ஸ்லேட். ஒரு மாசத்துல உயிரெழுத்து முடிஞ்சது. பிரெய்ல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், "கொ"ன்னு எழுத நாம கொம்பு முன்னாடி, கால் பின்னாடி, நடுவுல க-ன்னு வளைச்சு வளைச்சு எழுதறோம்ல, பிரெய்ல்ல க, அதுக்கு அடுத்து ஒ, முடிஞ்சது. வாய்ல சொல்ற வரிசைலயே எழுத்து வரும். மெய்யெழுத்துக்கு மட்டும் முன்னாடி ஒரு 4ம் புள்ளி. பக்கத்து வீட்டுல இரண்டாங்கிளாஸ் படிக்கிற பய கொம்ப பின்னாடி போட்டு அடி வாங்கிட்டு இருந்தப்ப இது "எனக்கு கொம்பே கிடையாதே"ன்னு சொல்லி சிரிக்கும்.

பேப்பர்தான் பெரும்பாடு. சாதா நோட்டுப் பேப்பர்ல குத்தினா கிழிஞ்சிரும், கெட்டி பேப்பர் வேணும், அது எங்க பக்கம் நேரத்துக்கு வந்து சேராது, பிரெய்ல் பாடப் புத்தகமும் வர்றதுக்குள்ள பாதி பருவம் போயிரும், வந்தாலும் ஒரு புத்தகம் நாலஞ்சு வால்யூம், பிள்ளை தூக்க முடியாது. அதனால நான் ஜனவரி மாசம் கடை கடையா போய் பழைய மாசக் காலண்டர் கேட்டு வாங்கிடுவேன், அந்தத் தாள் சரியான கனம். ஆச்சிக்கு அதுல ஒரே சங்கடம், முருகன் படத்துல எப்படிக் குத்துறதுன்னு. சாமி படம் எல்லாத்தையும் எடுத்துத் தனியா வச்சுக்கிட்டு இயற்கைக் காட்சி மட்டும் குடுப்பாங்க.

போன் இருக்கே, எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுற ஆப் இருக்கே, இனி பிரெய்ல் எதுக்குன்னு என் கூட வேலை பாக்கறவங்களே கேக்கறாங்க. ஆப் வேணும். அந்தப் பையனுக்கு வேலை கிடைச்சதுக்கு கம்ப்யூட்டர்தான் காரணம், அத நான் மறுக்கவே மாட்டேன். ஆனா நமக்கு ரேடியோ வந்துச்சு, டிவி வந்துச்சு, யாராவது நம்ம பிள்ளைங்கள பாத்து இனிமே அ, ஆ எழுதப் படிக்க வேண்டாம், கேட்டுக்கோன்னு சொன்னாங்களா? கண்ணு தெரியாத பிள்ளைகிட்ட மட்டும் ஏன் சொல்றோம். 2016 சட்டத்துலயே பிரெய்ல் தெரிஞ்ச ஆசிரியர்கள, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களயும் சேத்து, பயிற்சி குடுத்து நியமிக்கணும்னு இருக்கு. எனக்குச் சொல்லிக் குடுத்த சார் மாதிரி ஒருத்தர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இருந்தா நான் தேவையே இல்ல.

அந்தப் பையனுக்கும் இப்ப சொல்லித் தரேன். முதல்ல வெக்கப்பட்டான், இந்த வயசுல அ-னாவான்னு. ஸ்லேட்டும் ஸ்டைலஸும் வாங்கி அனுப்பினேன், ஞாயித்துக்கிழமை போன்லயே வகுப்பு, நான் புள்ளி நம்பர் சொல்லச் சொல்ல அவன் குத்துவான். பெரிய ஆளுக்கு விரல் சீக்கிரம் வராது, ஒரு நாளைக்கு நாலு வரி. பழகறதுக்கு இந்தப் பாப்பாவுக்கு லெட்டர் போடுன்னு சொன்னேன். பிரெய்ல் கடிதத்துக்கு தபால்ல ஸ்டாம்பு தேவையில்ல, பிளைண்ட் லிட்டரேச்சர்னு, அதாவது பார்வையற்றோருக்கான எழுத்துன்னு மேல எழுதினா போதும், சும்மாவே கொண்டு வந்து குடுத்திருவாங்க.

போன மாசம் ஒண்ணு வந்துச்சு. பாப்பா திண்ணைல உக்காந்து மடில வச்சு வாசிச்சுது, உதடு அசையுது, விரல் போகுது, ஒரு இடத்துல நின்னுச்சு. திரும்ப வரியோட ஆரம்பத்துக்குப் போய் மறுபடி வந்துச்சு. "டீச்சர், போன் போட்டுக் குடுங்க"ன்னுச்சு. போட்டேன்.

"அண்ணே, பொங்கலுக்கு வெள்ளம் வாங்கிட்டு வாரேன்னு எழுதிருக்கீய."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"எந்த ல போட்டிருக்கேன் பாப்பா?"

"நாலு அஞ்சு ஆறு."

"ஒண்ணு ரெண்டு மூணும்மா அது. ரெண்டு தடவ வரும், முன்னாடி நாலாம் புள்ளி. நீ நகத்தால அமுக்கி விட்டுரு, நான் வேற எழுதி அனுப்புதேன்."

"வேண்டாம்ணே, நானே மாத்திக்கிடுதேன்"னு சொல்லிட்டு போன என்கிட்ட நீட்டிட்டு, தாளத் திருப்பிப் போட்டு ஸ்டைலஸத் தேட ஆரம்பிச்சிட்டு.