சுவரைத் தேடும் ஹார்ன்

மே 4

திருவிழாக் குழுவினர் எங்களுக்கு ஐம்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். "எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி கலந்து வாசிங்க" என்பதுதான் ஒரே நிபந்தனை. எங்களிடம் இருப்பது ஐந்து பித்தளை ஊதுகருவிகள்: இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஒரு டியூபா, என் பிரெஞ்சு ஹார்ன். ஐந்து பேர் சேர்ந்து பட்டியல் போட உட்கார்ந்தால் ஆளுக்கொரு பட்டியல் வந்தது.

கப்ரியேலியின் கான்ஸோனாவில் (பழைய இத்தாலியக் கருவியிசை வகை) தொடங்குவது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அப்புறம் பாக்கின் ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் உருப்படி), எவால்டின் முதல் குவின்டெட்டிலிருந்து (ஐவர் வாசிக்கும் இசை) ஒரு பகுதி, ஜாப்லினின் ஒரு ராக்டைம் (துள்ளலான பழைய அமெரிக்க இசை), கடைசியில் ஒரு மார்ச், அதாவது அணிவகுப்பு இசை. சண்டை வந்தது வரிசையில்தான். முதல் டிரம்பெட் அண்ணன் சொன்னார்: "உதடு ஒண்ணுதான் இருக்கு. உச்சஸ்தாயி இருக்கிற ரெண்டையும் அடுத்தடுத்து வெச்சா மார்ச்சுல என்கிட்ட காத்து மட்டும்தான் வரும்." அவர் சொல்வது நியாயம். வயலின்காரருக்குக் கை வலித்தாலும் சுரம் வரும். எங்களுக்கு உதட்டுத் தசை களைத்தால் சுரமே கிடையாது. ஒவ்வொரு உருப்படிக்கு முன்னாலும் இரண்டு நிமிடம் யாராவது பேசுவது என்று முடிவானது. கேட்பவர்களுக்கு அது விளக்கம், எங்களுக்கு உதட்டுக்கு ஓய்வு.

மே 11

ஒத்திகை. எவால்ட் இன்னும் கைக்கு வரவில்லை. விக்டர் எவால்ட் (1860–1935) தொழிலால் சிவில் இன்ஜினியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்துகொண்டு செல்லோவும் வாசித்தவர். பித்தளைக் கருவிகளுக்கு அறையிசை எழுத முழுநேர இசையமைப்பாளர்கள் பெரிதாக மெனக்கெடாத காலத்தில் இவர் எழுதியதை இன்றும் ஐந்து பேர் கூடினால் வாசிக்கிறோம். ஐந்து குரலுக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார். ஹார்னுக்குத் தனியாக ஒரு நீளமான வரி வருகிறது. அதை நினைத்துத்தான் இந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி.

மே 18

மேடையைப் பார்த்து வந்தோம். மேலே ஒரு துணிப் பந்தல், பின்னால் ஒன்றுமே இல்லை.

மற்றவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. டிரம்பெட்டும் டிராம்போனும் நேராகக் கூட்டத்தைப் பார்க்கும், டியூபா வானத்தைப் பார்க்கும். ஹார்னின் வாய் (ஒலி வெளியே வரும் அகன்ற முனை) மட்டும் வாசிப்பவனின் வலப்பக்கம் பின்னோக்கித் திரும்பியிருக்கும், கையையும் உள்ளே விட்டிருப்போம். அரங்கத்தில் பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒலிதான் எங்கள் ஒலி. திறந்தவெளியில் அது திரும்பி வராது, அப்படியே போய்விடும். இரண்டாம் டிரம்பெட் தம்பி புல்வெளியில் நடுவில் நின்று கேட்டுவிட்டு வந்து, "அண்ணா, நீங்க வாசிச்சீங்களா?" என்றான். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான்.

பின்னால் வைக்க ஒரு பெரிய பலகை தருவதாக ஏற்பாட்டாளர் ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கப்ரியேலியின் கான்ஸோனாவுக்கும் இதே கதிதான். 1585 முதல் 1612இல் இறக்கும்வரை வெனிஸின் புனித மார்க் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். அங்கே வாசிப்பை நிறுத்தினாலும் கட்டடம் கொஞ்ச நேரம் தொடர்ந்து பாடிக்கொண்டிருக்கும். இங்கே நாங்கள் நிறுத்தினால் தூரத்தில் ஜெனரேட்டர்தான் பாடுகிறது. வேகத்தைச் சற்றே கூட்டி, இடைவெளிகளைச் சுருக்கினோம். உயிர் வந்தது.

மே 24

நாளைக்குக் கச்சேரி. துணி கிளிப் இருபது எடுத்து வைத்தேன். காற்றடித்தால் இசைத்தாளைக் காப்பாற்ற இதைவிட நல்ல கருவி இல்லை. வால்வு எண்ணெய், துணி, ராக்டைமுக்கு வேண்டிய ம்யூட் (ஒலியை அடக்கும் அடைப்பு), எல்லாம் பையில். தூக்கம்தான் வரவில்லை.

மே 25, மாலை

பலகை வரவில்லை. வேறெங்கோ தடுப்பாக வைத்துவிட்டார்களாம்.

டியூபாக்காரர்தான் வழி சொன்னார். "நீ இடம் மாறி உட்காரு." அரைவட்டத்தில் பார்வையாளர்களுக்கு இடப்பக்கக் கடைசி நாற்காலியில், உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என் வலப்பக்கம் கூட்டத்தின் பக்கம் வரும். அதாவது ஹார்னின் வாயும். பிரச்சினை என்னவென்றால் அது முதல் டிரம்பெட்டின் நாற்காலி. எதிரே இரண்டாம் டிரம்பெட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகியவர் அவர். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

இரவு

வெயில் இறங்காமலே தொடங்கினோம். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். அதனால் எல்லாருடைய சுருதியும் மேலே ஏறும். குழலைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தோம். ஆனால் ஐவரும் ஒரே அளவில் ஏறுவதில்லை. டிரம்பெட் மூச்சிலேயே சட்டென்று சூடாகிவிடும், டியூபா மெதுவாகத்தான். முதல் இரண்டு உருப்படியும் காதைத் தீட்டிக்கொண்டே வாசித்தோம்.

பாக்கின்போது குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ராக்டைமில் டிராம்போன் ஸ்லைடை இழுத்து வழுக்கவிட்டதும் அதே குழந்தைகள் மேடை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாக் என்னை மன்னிக்கட்டும், எனக்கும் அந்த இடம்தான் பிடித்தது.

எவால்ட். என் வரி வந்தது. ஹார்னின் குழாய் ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளம். நாங்கள் வாசிக்கிற உயரத்தில் இயற்கைச் சுரங்கள் (வால்வை மாற்றாமல் உதட்டால் மட்டுமே வருபவை) படிக்கட்டுபோல் நெருக்கமாக அடுக்கியிருக்கும். உதடு ஒரு நூல் பிசகினாலும் கால் பக்கத்துப் படியில். முதல் நான்கு சுரம் வெண்ணெய்போல வந்தது. ஐந்தாவது 'க்ராக்' என்று உடைந்தது.

பழைய நாற்காலியிலேயே இருந்திருந்தால் அது வயல்வெளிக்குப் போயிருக்கும். இன்று நேராக முதல் வரிசைக்குப் போனது. ஒரு சின்னப் பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மீதி வரியை வாசித்து முடித்தேன். நன்றாகவே வந்தது, ஆனால் அதை யார் கணக்கில் வைப்பார்கள்.

மார்ச் முடிந்து கைதட்டல் ஓயும்போது எல்லாரும் கருவியிலிருந்து தண்ணீரை வடித்தோம். (எச்சில் இல்லை, பெரும்பாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து நிற்பது. எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.) ஸ்டாண்டை மடித்துக்கொண்டே முதல் டிரம்பெட் அண்ணன் என் நாற்காலியைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம்," என்றார், "பலகையை நானே தூக்கிட்டு வரேன்."