மூன்றாம் மாடியும் முழங்காலுக்குள் ஒரு சாரமும்

மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்துப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, என் வலது முழங்கால் பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. வலியைவிட, கதவிடுக்கில் கூழாங்கல் சிக்கிக்கொண்டது போன்ற உணர்வுதான் முதலில் வந்தது. பின்னால் வந்த கூட்டம் முணுமுணுத்தபடி இருபுறமும் பிரிந்து போக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலை மெல்ல ஆட்டியபோது, 'டக்' என்ற ஓசையோடு மூட்டு விடுபட்டது. அப்போது எனக்கு வயது 32. கல்லூரியில் கோ-கோ ஆடிய நாள்களிலிருந்தே அந்தக் காலில் அவ்வப்போது வந்துபோன வலியை, களிம்பு தடவியே பத்தாண்டுகளுக்கு மேல் கடத்தியிருந்தேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. தொடையெலும்பின் கீழ்முனையில், உள்பக்கக் குமிழில், ஏறத்தாழ 2 செ.மீ. நீளமும் 1.5 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் இடத்தில் குருத்தெலும்பு மட்டுமன்றி, அதன் அடியில் இருந்த எலும்பும் சேர்ந்தே பெயர்ந்திருந்தது. பெயர்ந்த சில்லு மூட்டுக்குள் உலவிக்கொண்டிருந்தது. இப்படித் திரியும் சில்லை மருத்துவர்கள் 'மூட்டெலி' என்று அழைப்பார்களாம். பொருத்தமான பெயர்தான், எப்போது எந்தப் பொந்தில் நுழைந்து காலை மடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பார்த்த மருத்துவர், எலியை வெளியே எடுத்துவிட்டு, குழியின் அடியில் நுண்துளைகள் இட்டால் போதும் என்றார். துளைகளின் வழியே எலும்பு மஜ்ஜை இரத்தம் கசிந்து உறைந்து, அதிலிருந்து புதிய திசு வளரும் என்பது அந்த முறையின் கணக்கு. இரண்டாவதாகப் பார்த்த அறுவை மருத்துவர் அதை மறுத்தார். அப்படி வளர்வது நார்த்தன்மை மிகுந்த திசுவே தவிர, மூட்டில் இயல்பாக இருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு அன்று. சிறிய காயங்களுக்கு அது போதும், ஆனால் அடியெலும்பே 8 மி.மீ. ஆழத்துக்குப் போய்விட்ட குழிக்குப் போதாது என்று விளக்கினார். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் அது கெடும்போது நமக்குத் தெரிவதும் இல்லை, கெட்டபின் தானாக ஆறுவதும் இல்லை. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்ததை அவர் சொன்னபோது, இவ்வளவு பழைய சிக்கலா என் காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது.

கழன்ற சில்லையே திருகாணி வைத்துப் பொருத்த முடியாதா என்று கேட்டேன். விளிம்புகள் தேய்ந்து உருண்டுபோன சில்லு பழைய குழியில் உட்காராது என்றார். அதே முழங்காலில் பளு குறைவாக விழும் ஓர் இடத்திலிருந்து குருத்தெலும்பும் எலும்புமாகச் சிறு உருளைகளை எடுத்து நடும் வழியும் உண்டு. ஆனால் நல்ல இடத்தில் புதிய துளைகள் விழும். நம் உயிரணுக்களையே எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் வைக்கும் முறையை, ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகமே பின்பற்றத் தொடங்கியது என்றாலும், அதற்கு இரண்டு அறுவைகள் வேண்டும். மிச்சம் இருந்தது, புதிய திசு பற்றிக்கொண்டு வளரக் குழிக்குள் ஒரு தாங்கலாகச் சாரம் வைக்கும் முறை. பவளத்தின் கூட்டிலிருந்து செய்த உள்வைப்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் ஒப்புதல் அளித்திருப்பதையும், இத்தாலியில் கொலாஜன் புரதமும் எலும்புத் தாதுவும் சேர்த்து மூன்று அடுக்குகளாகச் செய்யப்படும் இன்னொன்றையும் அவர் குறிப்பிட்டார். எனக்கு அவர் திட்டமிட்டது வேறு: குழியின் அடிப்பகுதியை என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளால் நிரப்பி, அதன்மேல், மூட்டுநீரில் இயல்பாகவே இருக்கும் ஹையலுரானிக் அமிலத்தால் ஆன ஒரு மென்சவ்வை, என் மஜ்ஜைச் சாற்றில் ஊறவைத்துப் பதிப்பது. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தை வேலை முடிந்ததும் பிரிப்பார்கள். இந்தச் சாரம் தன்மேல் திசு படரப் படரத் தானே கரைந்துபோகும்.

அதற்கு முன் இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்ற நிலையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். கால் வில்போல் வளைந்திருந்தால் உடலின் பளு உள்பக்கத்தில்தான் இறங்கும். அந்நிலையில் முதலில் எலும்பை வெட்டிக் காலை நேராக்காமல் சாரம் வைப்பது வீண் வேலை என்றார். என் கால் நேராகவே இருந்தது.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பம், 'பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சை' என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. மருத்துவர் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு அறுவைக்கும் அறைக்கும் ஒப்புக்கொண்டார்கள். சவ்வின் விலைக்கு மட்டும் கடைசிவரை இசையவில்லை. அது என் மூன்று மாதச் சம்பளம். இத்தகைய அறுவைக்குப் போகிறவர்கள், உள்வைப்பின் பெயரையும் விலையையும் தனியே குறிப்பிட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே தேதி குறிப்பது நல்லது.

தண்டுவடத்தில் மரப்பு ஊசி போட்டிருந்ததால் அறுவையின்போது விழித்தே இருந்தேன். இடுப்பெலும்பில் சிறு சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. உடல் அதிர்ந்தது, ஆனால் வலிக்கவில்லை. மஜ்ஜையை எடுத்து ஒரு சுழலியில் கால் மணி நேரம் போலச் சுற்றவிட்டார்கள். அந்த இடைவெளியில் மருத்துவர், தையல் நூல் வந்த உறையின் அலுமினியத் தாளைக் குழியின்மேல் வைத்து அழுத்தி, விளிம்பு பதிந்த வடிவத்தைக் கத்தரித்து எடுத்து, அதே அளவுக்குச் சவ்வை வெட்டினாராம். ரவிக்கைக்கு அளவுத்துணி கொடுப்பதுபோல என்று பிற்பாடு படத்தைக் காட்டியபோது சொன்னேன், சிரித்தார். இரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினால் ஆன பசையால் ஒட்டிய பின், முழங்காலைப் பலமுறை மடக்கி நீட்டிச் சவ்வு நகரவில்லை என்று உறுதிசெய்துகொண்டே தையல் போட்டிருக்கிறார்கள்.

விழித்திருந்தவளுக்கு இதெல்லாம் எளிதாகவே கழிந்தது. கடினமானது வீடு. நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, 54 படிகள். ஆறு வாரத்துக்கு அந்தக் கால் தரையில் பளு தாங்கக் கூடாது என்பது கட்டளை. பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, என் கணவரும் காவலாளியும் தூக்கிக்கொண்டு ஏற, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அம்மா பின்னாலேயே, "ஏட்டி, கண்ண மூடிக்க, கீழ பாக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினான்காம் நாள் தையல் பிரிக்க ஒருமுறை இறங்கி ஏறியதைத் தவிர, அந்த ஆறு வாரமும் ஜன்னல் வழியே கேட்ட ஆஸ்திக சமாஜக் கோயிலின் மணியோசைதான் எனக்கு வெளியுலகம்.

காலைத் தானே மடக்கி நீட்டும் ஓர் எந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அசையாமல் கட்டிவைத்த மூட்டைவிட, மெல்ல அசைந்துகொண்டே இருக்கும் மூட்டில்தான் குருத்தெலும்பு நன்றாக ஆறுகிறது என்று கனடா மருத்துவர் ராபர்ட் சால்ட்டர் முயல்களில் காட்டியதன் வழியே வந்த எந்திரம் அது. நாளுக்கு 6 மணி நேரம். முதலில் 30 பாகை, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி நான்காம் வாரம் 90. அதன் ஒரே சீரான முனகல், பக்கத்து வீட்டு மிக்சி நின்ற பிறகும் அறையில் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் பத்து நாள்கள் முழங்காலைவிட எலும்பு எடுத்த இடுப்புதான் அதிகம் வலித்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அம்மா ஊரிலிருந்து பொடியாகக் கொண்டுவந்திருந்த முடக்கத்தானை நாள் தவறாமல் தோசை மாவில் கலந்தாள். மருத்துவரிடம் கேட்டேன், தோசைதானே, சாப்பிடுங்கள் என்றார்.

ஏழாம் வாரம் பிசியோதெரபிஸ்ட், பளு எடை பார்க்கும் தராசு ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் வலது காலை ஊன்றச் சொன்னார். முள் 10 கிலோவைத் தாண்டக் கூடாது. நான் மெல்ல ஊன்றியதாக நினைத்தபோது அது 22 காட்டியது. நம் காலுக்கு எடை தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு வாரந்தோறும் 10 கிலோ கூட்டிக்கொண்டே போனோம். "இன்னைக்கு ரெண்டு சிப்பம் இட்லி அரிசி" என்று அம்மா கணக்குச் சொல்வாள். தொடையின் தசை கரைந்திருந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. முட்டிக்கு மேல் ஒரு சாண் தொலைவில் தையல் அளவுநாடாவால் அளந்தபோது, இடது காலைவிட வலது கால் 4 செ.மீ. மெலிந்திருந்தது. சுருட்டிய துண்டை முட்டிக்குக் கீழே வைத்து அழுத்தும் பயிற்சியில் தொடங்கி அதை மீட்கவே மாதங்கள் ஆயின. மாலையில் மூட்டு வீங்கினால் அன்றைய பயிற்சி மிகுதி என்று பொருள்; மறுநாள் குறைத்துக்கொள்வேன்.

ஆறாம் மாத ஸ்கேனில் அடியெலும்பு நிரம்பியிருந்தது. மேற்பரப்பு சற்று மேடுபள்ளமாகத் தெரிந்தது. திசு முதிர இன்னும் காலம் வேண்டும் என்றும், ஓட்டமும் தாவலும் ஓராண்டுக்கு முன் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். இப்போது பதினான்காம் மாதம். நிலையத்துப் படிகளில் கைப்பிடி தொடாமல் இறங்குகிறேன். சம்மணமிட்டுக் கால் மணி நேரம் உட்கார முடிகிறது, குந்தி உட்கார முடியவில்லை. போன ஞாயிறு நாடாவை எடுத்து அளந்தேன். இன்னும் 1 செ.மீ. பாக்கி.