குழாய் நீரும் கறிவேப்பிலைச் செடியும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மொட்டைமாடிக் கறிவேப்பிலைச் செடியின் இளந்தளிர்கள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளிறிப்போனதையும், மண்தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு ஏறியிருந்ததையும் பார்த்த பிறகுதான் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் நீரைச் சோதித்தேன். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், லிட்டருக்கு 910 மில்லிகிராம் காட்டியது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8-ஐத் தாண்டியிருந்தது, அதாவது நீர் காரமானது. கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் பாசனத்துக்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்பது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வழிகாட்டல்.

மீட்டர் உப்பின் அளவைச் சொல்லுமே தவிர, அது கால்சியமா சோடியமா என்று சொல்லாது. மண்ணை இறுகச் செய்வது சோடியம் என்பதால், ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது அவசியம். (உப்புப் போட்டு இயங்கும் சாஃப்ட்னர், அதாவது நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி, வழியாக வரும் நீரைச் செடிக்கு ஊற்றவே வேண்டாம், அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது.) இப்போது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைநீரைப் பிடித்துவைத்துப் குழாய் நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன், நேற்று வந்த தளிர் முழுப் பச்சையாக இருக்கிறது.